பரண் நிறையச் சாமான் வைத்திருக்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் சொன்னது தவறு. அதை முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

விடுமுறைக்கு வந்தவர் பெட்டியை எடுக்கப் பரணில் ஏறியிருக்கிறார். அங்கே அடுக்கியிருந்த குளியல் சோப்பு, பற்பசை, துணி சோப்புத் தூள், எண்ணெய் பாக்கெட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஒரு வியாதிம்மா” என்று சொல்லியிருக்கிறார். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். “ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போட்டிருந்தான், வாங்கி வச்சேன். இது பேராசையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரும் ஊரும் தெரியாமல் பதில் எழுதச் சொன்னீர்கள். அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரண் போலவே இன்னும் எத்தனையோ வீடுகளில் பரண்கள் நிரம்பிக் கிடக்கின்றன. அந்த வீட்டு அம்மாக்களும் இதைப் படிக்கட்டும் என்பதால்தான் தனிக் கடிதமாக அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

எழுபது தாண்டிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் 1965, 66-இல் நீங்கள் பள்ளிக்கூடம் போகிற சிறுமி. தமிழ்நாடு அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்ததற்கு அந்தப் பசியும் ஒரு காரணம். ஆட்சி மாறிய பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். அதையும் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டியிருந்தது. எழுபதுகளில் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அதே வரிசை. கேஸ் இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்தவருக்கு அலமாரி நிறைந்திருந்தால்தான் மனசு அடங்கும். இதில் வியாதி எங்கே இருக்கிறது? கஷ்டத்தில் கற்றுக்கொண்ட முன்யோசனை இது.

யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் கேட்டால் இன்னும் அழுத்தமாகச் சொல்வார்கள். 1990-க்குப் பிறகு அங்கே பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் மண்ணெண்ணெயும் பேட்டரியும் சோப்பும் கிடைப்பது பெரும்பாடு. பனம்பழக் களியைத் தேய்த்துத் துணி துவைத்திருக்கிறார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அந்த வருடங்களைக் கடந்து வந்து இன்று வெளிநாட்டில் வசதியாக இருக்கிற பெண்களில், வீட்டில் கூடுதலாக நான்கு சோப்பு இல்லையென்றால் நிம்மதியில்லாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

ஆகவே சேர்த்து வைக்கிற உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. என் கவலை வேறு. எதை, எப்போது, எவ்வளவு வாங்கி வைப்பது என்பதை உங்கள் அம்மாவும் பாட்டியும் தாங்களே தீர்மானித்தார்கள். இன்று உங்கள் வீட்டில் அதைக் கடையின் அறிவிப்புப் பலகை தீர்மானிக்கிறது. இந்த ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் காலத்து வருடச் சாமான் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். கர்நாடகத்துக் கலபுரகியிலும் மகாராஷ்டிரத்திலும் துவரை அறுவடையாகி, தை, மாசியில் புதுப்பருப்பு வந்து இறங்கும். வரத்து அதிகம், விலை குறைவு. அப்போது வாங்குவார்கள். முழுத் துவரையாக வாங்கிச் செம்மண் குழம்பில் புரட்டி, வெயிலில் காயப்போட்டு, உடைத்துப் புடைத்து வைத்த வீடுகள் இருந்தன. உளுந்து, பயறு மீது விளக்கெண்ணெய் தடவி வைப்பார்கள். பயறு வண்டு பயற்றின் மேல்தோலில்தான் முட்டையிடும். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் அது பிழைக்காது. இதை விளக்கிச் சொல்லப் பாட்டிக்குத் தெரிந்திருக்காது, ஆனால் செய்யத் தெரிந்திருந்தது. நொச்சி இலை, வேப்பிலை, வசம்பு எல்லாம் தானியத்துக்கு நடுவே கிடக்கும். மிளகாய் வற்றலை மாசியிலிருந்து சித்திரைக்குள் வாங்கி, மொட்டை மாடி வெயிலில் கலகலவென்று காயவைத்துப் பானையில் கட்டி வைத்தார்கள்.

நெல்லை நெல்லாகவே குதிரில் கொட்டி வைத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய கெட்டிக்காரத்தனம். உமி இருக்கிறவரை உள்ளே இருக்கிற அரிசிக்குக் காவல் உண்டு. வேண்டியபோது வேண்டிய அளவு குத்திக்கொள்ளலாம். அரிசியாக்கி வைத்துவிட்டால் அந்தக் காவல் போய்விடும். அரிசி வண்டு மணியில் துளை போட்டு, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு மாதம் போலக் கழித்துத்தான் வளர்ந்த வண்டு வெளியே வரும். வாங்கும்போது நன்றாக இருந்த மூட்டையில் இத்தனை வண்டு எங்கிருந்து வந்தது என்று நாம் திகைக்கிறோம். மூட்டை வீட்டுக்கு வந்தபோதே முட்டையும் உள்ளே இருந்திருக்கும்.

2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பை அரிசிக்கு 5 சதவீத வரி போட்டார்கள். உடனே கடைகளில் 26 கிலோ மூட்டைகள் வந்துவிட்டன. வரி மிச்சமாகிறதே என்று இருவர் மட்டும் இருக்கிற வீட்டிலும் அதை வாங்குகிறார்கள். இரண்டு பெரியவர்கள் ஒரு நாளைக்கு முந்நூறு கிராம் அரிசி சமைத்தால் அந்த மூட்டை தீர மூன்று மாதம் ஆகும். வண்டுக்கு ஒரு மாதம் போதும். வரியில் மிஞ்சிய காசுக்குப் புடைக்கிற வேலையும், பொறுக்கிப் போடுகிற அரிசியும், ஊரிலிருந்து வரும் மருமகள் முகம் சுளிப்பதும் சேர்ந்து வருகின்றன.

பழைய முறையில் விலை குறைந்ததற்கு ஒரே ஒரு காரணம்தான், நிலத்தில் விளைந்து குவிந்தது. இன்றைய தள்ளுபடிக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கின்றன. ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம், அதனால் ஜவுளிக்கடை விலையைக் குறைக்கிறது. இது எல்லாருக்கும் தெரிந்த காரணம், நேர்மையான காரணமும்கூட. சோப்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு வேறு காரணங்கள் உண்டு. காலாவதித் தேதி நெருங்கியிருக்கலாம். புது உறையில் குறைந்த எடையில் வரப்போகிற சரக்குக்கு முன்னால் பழையதைத் தீர்க்க வேண்டியிருக்கலாம். மூன்று மாதக் கணக்கு முடிகிறதற்குள் இவ்வளவு விற்றாக வேண்டும் என்று விற்பனைப் பிரிவுக்கு இலக்கு இருக்கலாம்.

பலரும் யோசிக்காத இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனியின் பற்பசை இருந்துவிட்டால், அந்த ஆறு மாதமும் போட்டிக் கம்பெனி உங்களிடம் ஒரு டியூப்கூட விற்க முடியாது. எதிராளி புதிதாக ஒன்றை இறக்கப்போகிறான் என்று தெரிந்தால், அதற்கு முன்னால் வீடுகளின் அலமாரியை நிரப்பிவிடுவது விற்பனைத் துறையில் பழைய உத்தி. அவர்கள் கிடங்கில் இருக்க வேண்டிய சரக்கு உங்கள் பரணில் இருக்கிறது. அந்த இடத்துக்கு வாடகை நீங்கள் கொடுக்கிறீர்கள், அதற்குப் போட்ட பணமும் உங்களுடையது. இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வியாபாரத்தை அவர்கள் பார்க்கிறார்கள். நம் வீட்டை நாம் பார்க்க வேண்டும்.

இலவசத்தின் வரலாற்றில் நம் கடலூருக்கே ஓர் இடம் உண்டு. ஷாம்பு பணக்காரர் வீட்டுக் குளியலறையில் மட்டும் இருந்த காலத்தில், கூலிக்காரரும் வாங்கும்படி அதைச் சின்னச் சாஷேயில் அடைத்து விற்கலாம் என்று முயன்றவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பு தொடங்கினார். எந்தக் கம்பெனிச் சாஷேயாக இருந்தாலும் காலி உறை ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். ஜனங்கள் பழகிக்கொண்ட பிறகு, இனி சிக் உறை மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். விற்பனை எங்கோ போனது. எவ்வளவு அழகான யோசனை பாருங்கள். முதல் இலவசம் உங்களை அந்தப் பொருளுக்குப் பழக்குகிறது, இரண்டாவது இலவசம் நீங்கள் வேறு பொருளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறது.

சாஷே என்றதும் ஒரு விஷயம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது நம் தலைமுறைகளின் நம்பிக்கை. பருப்புக்கும் எண்ணெய்க்கும் அது பெரும்பாலும் சரி. ஷாம்பு விஷயத்தில் நம் நாட்டில் அது பல நேரம் தலைகீழ். தள்ளுபடி போட்ட பெரிய பாட்டிலை எடுப்பதற்கு முன்னால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சாஷேயில் எத்தனை மில்லி இருக்கிறது என்று பார்த்து, மில்லிக்கு என்ன விலை என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாஷே மலிவாக இருப்பதைப் பல தடவை காண்பீர்கள். (பிளாஸ்டிக் குப்பை என்று ஒரு பெரிய கேள்வி அதில் இருக்கிறது. சாஷேயைச் சிபாரிசு செய்ய நான் இதைச் சொல்லவில்லை. பெரிய பொட்டலம் என்றாலே லாபம் என்று கை தானாக நீள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.) பெரும்பாலான பொருளுக்கு இந்தக் கணக்கை நீங்கள் மனசுக்குள் போடவும் வேண்டாம். கிராமுக்கு, மில்லிக்கு, கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட வேண்டும் என்ற விதி இப்போது நடைமுறையில் இருக்கிறது. அதிகபட்ச விலைக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். கடைக்காரப் பையனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாலும் தப்பில்லை.

தள்ளுபடிக் கணக்கிலும் நிதானம் வேண்டும். ‘50 சதவீதம் கூடுதல்’ என்றால் விலை பாதியானது போலக் காதில் விழுகிறது. உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. ‘ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம்’ என்றால் ஆறில் ஒரு பங்கு. அதையும் அதிகபட்ச விலையோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். உங்கள் தெரு அண்ணாச்சி அந்தச் சோப்பை எப்போதுமே அந்த விலைக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒப்பிட வேண்டியது நீங்கள் வழக்கமாகக் கொடுக்கிற விலையோடு.

விலை ஏறிக்கொண்டேதான் போகும், இன்று வாங்கி வைப்பது புத்திசாலித்தனம் என்று எழுதியிருந்தீர்கள். அரிசித் தட்டுப்பாட்டைப் பார்த்தவர் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் 2025-இல் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்டில் சுதந்திர தினத் தள்ளுபடிக்குக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடிக் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இவற்றின் வரியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக்க முடிவெடுத்தது. 22-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. வரி சேராமல் 50 ரூபாய் இருக்கிற ஒரு பொருள் முன்பு 59 ரூபாய், பிறகு 52 ரூபாய் 50 காசு. பதினொரு சதவீதம் இறங்கிவிட்டது. ஆகஸ்டில் 10 சதவீதத் தள்ளுபடி என்று ஒரு வருடத்துக்கு வாங்கி அடுக்கியவர்கள், பொறுத்திருந்தவர்களைவிட அதிகம் கொடுத்தவர்கள் ஆனார்கள். துவரம்பருப்பும் அப்படித்தான். 2015 கடைசியில் கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டது. பயந்துபோய் அந்த விலையில் வாங்கிக் குவித்தவர்கள் உண்டு. இரண்டு வருடத்துக்குள் விலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

வீட்டுக்குள் நடக்கிற இன்னொரு நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. கையில் நிறைய இருந்தால் நிறையச் செலவாகும். குசும் அய்லாவாடி, ஸ்காட் நெஸ்லின் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க வீடுகளின் கொள்முதல் கணக்கை வைத்து இதை ஆராய்ந்து 1998-இல் எழுதினார்கள். தள்ளுபடியில் வாங்கி வந்த தயிர் வழக்கத்தைவிட வேகமாகத் தீர்ந்தது, தக்காளிச் சாஸ் அவ்வளவு வேகமாகத் தீரவில்லை. நம் வீட்டிலும் பார்க்கலாம். உப்பு எவ்வளவு இருந்தாலும் குழம்பில் ஒரே அளவுதான் விழும். பிஸ்கட்டும் மிக்சரும் குளிர்பானமும் அப்படி இல்லை, இருக்கிறவரைக்கும் தட்டில் வந்துகொண்டே இருக்கும். துணி சோப்புத் தூள் ஐந்து கிலோ வாளி வந்த வீட்டில் கரண்டி நிறைய அள்ளிப் போடுவார்கள். அரைக் கிலோ பாக்கெட்டில் கடைசியாக மிஞ்சியதை வைத்தும் அதே துணிதான் வெளுக்கிறது. சர்க்கரை நோய் உள்ள உங்கள் கணவருக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். இனிப்பு, பிஸ்கட், பழச்சாறு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சேர்த்து வைக்காதீர்கள்.

எதைச் சேர்க்கலாம் என்றால், குளியல் சோப்பை நிம்மதியாகச் சேர்க்கலாம். காற்றாட வைத்தால் ஈரம் வற்றி இறுகும், தண்ணீரில் மெதுவாகக் கரையும், புதுச் சோப்பைவிட நாள் வரும். எடை குறைந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், போனது தண்ணீர்தான். உறையிலேயே பொட்டலம் கட்டும்போது இருந்த எடை என்றுதான் போட்டிருப்பார்கள். பாத்திரம் தேய்க்கும் நார், ஊதுபத்தி, கல்லுப்பு இவையெல்லாம் பொறுத்திருக்கும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்க்கு இயற்கையிலேயே சிக்கு வாடை எளிதில் வராத குணம் உண்டு, இருட்டான இடத்தில் வைத்தால் சில மாதம் தாங்கும். சூரியகாந்தி எண்ணெய் அந்த அளவுக்குத் தாங்காது. பரணில் இருக்கிற பாக்கெட் வெயில் படும் சுவரை ஒட்டி இருந்தால் இன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள்.

மாவு வகைகளைச் சேர்க்கவே வேண்டாம். கம்பு மாவு சில நாளிலேயே கசக்கத் தொடங்கும், அதன் கொழுப்பு அப்படி. ரவையும் கோதுமை மாவும் வண்டுக்கு விருந்து. கடலோர ஊர்களில் துணி சோப்புத் தூள் ஈரம் வாங்கிக் கட்டியாகும். துணி வெளுக்கிற குளோரின் திரவம் மாதங்கள் ஆக ஆக வீரியம் இழக்கும், மலிவாக வாங்கி வைத்தால் வெறும் தண்ணீரைச் சேர்த்து வைத்த கதைதான். பேட்டரியும் சும்மா கிடந்தே சக்தி இழக்கும், சில சமயம் கசிந்து டார்ச்சையும் கெடுக்கும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். கழிப்பறை கழுவுகிற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பரண் போன்ற மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. கொரோனா நேரத்தில் வாங்கிய சானிடைசர் இன்னும் இருந்தால் அது எரிசாராயம், சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. 2020 மார்ச்சில் மத்திய அரசு முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரும் அளவுக்குத் தட்டுப்பாடு இருந்தது. அன்று நீங்கள் வாங்கி வைத்தது சரிதான். அந்தத் தேவை முடிந்துவிட்டது. அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சோப்பையும் அந்துருண்டையையும் வைக்க வேண்டாம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அரிசியும் டீத்தூளும் வாடையை எவ்வளவு வேகமாக இழுக்கும் என்று தெரியும்.

எவ்வளவு வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். தள்ளுபடி ஒருமுறை வந்துவிட்டுப் போகிற விருந்தாளி இல்லை. குடியரசு தினத்துக்கு வரும், ஆடிக்கு வரும், சுதந்திர தினத்துக்கு வரும், தீபாவளிக்கு வரும். பெரிய கடைகளிலும் போனில் வாங்குகிற கடைகளிலும் மாதத்தின் முதல் வாரத்திலும் வருகிறது. ஆகவே அடுத்த தள்ளுபடி வரைக்கும் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவையோ அதுவே அளவு. அதற்கு மேல் வாங்குகிற ஒவ்வொன்றும் ஒரு பைசாவும் மிச்சம் தராது, ஏனென்றால் அதே விலையில் அது திரும்பக் கிடைக்கப்போகிறது. தேவை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, புதுச் சோப்பையோ பற்பசையையோ பிரிக்கிற அன்று தேதியைக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் வீட்டின் அளவு பிடிபட்டுவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் கலங்க மாட்டீர்கள். புயல், மழைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, மருந்து, குடிதண்ணீர் தனிக் கணக்கு. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைவாசிகளுக்கு அதன் அருமை தெரியும். ஒரு வாரத்துக்கு வேண்டியது வீட்டில் இருக்கட்டும், அதற்குத் தள்ளுபடிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இதற்கு மேல் எழுதுவது உங்களுக்கு வலிக்கலாம், ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மாமியார், மாமனார், கொழுந்தன், மூன்று பிள்ளைகள், படிக்க வந்த அக்கா மகன் என்று உங்கள் இருவரோடு சேர்த்து ஒன்பது பேர் சாப்பிட்டார்கள். இன்று இருவர். வீடு சுருங்கிவிட்டது. உங்கள் கை மட்டும் இன்னும் ஒன்பது பேருக்கு அளக்கிறது. அந்தக் கையை நான் எப்படித் தப்பு சொல்வேன்? பிள்ளைகள் வரும்போது கொடுத்தனுப்பத்தான் பாதி வாங்குகிறீர்கள் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அவர்கள் ஊரில் சோப்பு கிடைக்காமலா இருக்கும்? அது உங்களுக்கும் தெரியும். ஆனால் உங்கள் மகனுக்கு அந்தப் பரண் தெரிந்தது, அது யாருக்காக நிறைந்தது என்பது தெரியவில்லை. அவர் இந்த இதழைப் படிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. படித்தால் அவருக்கு ஒன்று: வியாதி என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. அடுத்த முறை வரும்போது உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து தேதிகளைப் படித்துச் சொல்லுங்கள். அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரியவர்கள் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறுவது ஆபத்து, எல்லாவற்றையும் கைக்கெட்டும் தட்டுக்கு இறக்கிக் கொடுங்கள். உங்களால் செய்ய முடிந்தது இது.

இப்போது இருப்பதைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். எல்லாவற்றையும் கீழே இறக்கித் தேதிப்படி அடுக்குங்கள், முதலில் தேதி முடிகிறது முன்வரிசையில் இருக்கட்டும். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தினால் சிறப்பு’ என்று இருந்தால் அது கடந்த பிறகு ருசியும் மணமும் குறைந்திருக்கலாம், முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம். காலாவதித் தேதி என்றே போட்டிருந்தால் அதைத் தாண்டியதை உண்ண வேண்டாம். உங்கள் இருவருக்கும் ஆறு மாதத்துக்குப் போதுமானதை எடுத்து வைத்துக்கொண்டு, நாள் இருக்கிற மீதிச் சோப்பையும் பற்பசையையும் உங்கள் தெருவுக்கு வருகிற தூய்மைப் பணியாளர்களுக்கும், பக்கத்தில் இருக்கிற மாணவர் விடுதிக்கும் கொடுங்கள். தேதி முடியப்போகிறதையும் முடிந்ததையும் கொடுக்கக் கூடாது. நீங்கள் கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காக எழுதினேன்.

கடிதத்தின் ஓரத்தில் பேனாவை மாற்றி ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு வருடப் புளி வாங்குவதை விட்டுவிட்டதாகவும், இந்த வருடம் வாங்கலாமா என்றும். தாராளமாக வாங்குங்கள் அம்மா. நீங்கள் சேர்த்து வைக்க வேண்டிய பொருள் இதுதான். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது, இருவருக்கு மாதம் கால் கிலோ என்று வைத்தால் மூன்று கிலோ போதும், பிள்ளைகளுக்குக் கொடுக்க இன்னும் இரண்டு கிலோ. கொட்டையும் நாரும் எடுத்தது விலை கூடுதல். முழுசாக வாங்கி உட்கார்ந்து நீங்களே எடுத்தால் மலிவு, கூடவே பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். மொட்டை மாடிக்கு ஏற முடியாவிட்டால் பால்கனியில் வெயில் வருகிற நேரம் பார்த்து மூன்று நாள் காயவையுங்கள். ஜாடியைக் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, அடியில் ஒரு கை கல்லுப்பு, ஒரு அடுக்கு புளி, மறுபடி உப்பு என்று அமுக்கி வைத்து, வாயைத் துணியால் கட்டி மூடுங்கள். எவர்சில்வர் டப்பா வேண்டாம், புளியும் உப்பும் அதை அரித்துவிடும். எடுக்கும்போது ஈரக் கை படக் கூடாது. அடுத்த மாசிக்குள் கறுத்துவிடும், கறுத்த புளிதான் ரசத்துக்கு நல்லது.

அன்புடன்,
இந்தப் பக்கத்தை எழுதுபவர்